வெடக்கோழிக்கு அவசரமில்லை

லூமுட்
18 ஆகஸ்ட் 2024

சுகுமாரனுக்கு,

இது பேச்சு இல்லை, எழுத்து. முனியாண்டி முன்னால் உள்ளங்கையில் சூடம் ஏற்றி, இனிமேல் உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. போனில் எனக்கு வாய்ஸ் அனுப்ப மட்டும்தான் தெரியும், அது பேச்சுக் கணக்கில் சேர்ந்துவிடும். உன் பெண்டாட்டி புனிதாவிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால், "அக்காளும் தம்பியும் என்னை நடுவுல விட்டுப் பந்தாடாதீங்க லா, எழுதிக்குங்க" என்று பட்டென்று போனை வைத்துவிட்டாள். அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் வாயை மூடிக்கொண்டு படி.

என் கால் விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும். கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போன இடத்தில் பாசி வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. மகன் சுரேன் வந்து என்னை அள்ளிக்கொண்டு போய் லூமுட்டில், கடற்படைக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறான். மகன் வீட்டைக் குறை சொல்லக் கூடாது. மருமகளும் நல்லவள்தான். ஆனால் மூன்றாவது மாடியில் சேவல் கூவாது. பொழுது விடிந்ததே எனக்குத் தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் நம் பழைய தோட்டத்து வீட்டில் என் கோழிகள் நிற்கின்றன. அவை உன் மகளுக்காக வளர்கிறவை. தினேஸ்வரி முழுகாமல் இருக்கிறாள் என்று புனிதா சொன்ன அன்றைக்கே மனசுக்குள் கணக்குப் போட்டேன். பிரசவம் நவம்பர் நடுவில். ஜூனில் குஞ்சு பொரித்தால், அவள் பத்தியச் சாப்பாட்டில் உட்காரும் நேரத்துக்குப் பொட்டைக் குஞ்சுகள் எல்லாம் வெடக்கோழியாகி, முதல் முட்டைக்கு முந்தின பருவத்தில் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு அதற்கு மிஞ்சின கறி உலகத்தில் கிடையாது. போன தடவை வயிற்றில் தங்காமல் போனதிலிருந்து அந்தப் பிள்ளை துரும்பாகக் கிடக்கிறாள். இந்தத் தடவை அவளை நான் தேற்றிக்காட்டுவேன். அதற்காகவே நாலு கோழியை அடை வைத்தேன். குஞ்சுகள் பழுதில்லாமல் வந்தன.

இத்தனை நாளும் பக்கத்து வீட்டு மங்களம் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது கிளவ்ஸ் பேக்டரியில் ஷிப்ட் வேலை கிடைத்துவிட்டது. இனி முடியாது என்கிறாள். வேறு ஆள் இருந்தால் உன்னிடம் கேட்டிருக்க மாட்டேன். போன தீபாவளிக்கு நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வந்து, மூன்று மாசம்கூட ஆகாத கோழிகளைக் கோணியில் போட்டுக்கொண்டு போய்க் கறி வைத்து உன் சாப்பாட்டுக் கடையில் விற்றாய். தின்றவர்கள், "என்னண்ணே, எலும்புதான் இருக்கு" என்று கேட்டதற்கு, "எங்க அக்கா வளர்த்தது, நான் என்ன பண்ண?" என்று பழியை என் தலையில் போட்டாய். பிடித்துக்கொண்டு போனதைக்கூட விட்டுவிடுவேன். என் கோழிக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததை விட மாட்டேன்.

கடையை மூன்று மணிக்கு மூடுகிறாய். புந்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். தினமும் போ. தீனி போடு, தண்ணீர் மாற்று, இருட்டுவதற்குள் கூட்டில் அடை. நான் சொல்கிற வரைக்கும் கத்தி அந்தப் பக்கம் போகக் கூடாது.

வீரம்மா


புந்தோங், ஈப்போ
25 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

போஸ்ட்மேன் கடிதத்தைக் கொடுத்தபோது வழக்குப் பேப்பர் என்று பயந்துவிட்டேன். படித்து முடித்தபோது வழக்குப் பேப்பரே தேவலாம் என்று தோன்றியது.

தினேஸ்வரிக்காக என்றால் நான் போவேன். உனக்காக என்று நினைத்துவிடாதே. தீபாவளிக் கதையை எழுதியிருக்கிறாய், சரி, என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். கம்பத்து நாட்டுக்கோழிக் குழம்பு என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, வாடிக்கைக்காரர்களிடம் வாயால் சொல்லி, ஒரு மாசமாக உன்னிடம் கெஞ்சினேன். நீ "ஆகலை, ஆகலை" என்ற ஒரே பாட்டு. கோழி என்றைக்குத்தான் ஆகும்? பன்னிரண்டு வயசாகி ஐ.சி. அட்டை எடுத்தாலா? அக்கா வீட்டில் தம்பி கோழி பிடித்ததற்கு இந்த ஊரில் யாரும் முனியாண்டியிடம் போய் நின்றதில்லை.

போகட்டும். நேற்று போனேன். உன் கோழிகளைப் பார்த்துப் பயந்தே போய்விட்டேன். ஒவ்வொன்றும் காலும் கழுத்துமாக, காக்கைக்கும் கொக்குக்கும் பிறந்தது மாதிரி நிற்கிறது. பாதி உடம்பில் இறகே இல்லை. மங்களம் பட்டினி போட்டிருக்கிறாள் என்று நினைத்து, இன்றைக்குக் கடையில் மீந்த சோறு, ரசம், கோழிக் குழம்பு எல்லாவற்றையும் வாளியில் கலந்து கொண்டுபோய்க் கொட்டினேன். என்ன வேகம் தெரியுமா! வாளியைக்கூட விடாமல் கொத்தித் தீர்த்துவிட்டன. இப்படிப் போட்டால் அடுத்த மாசமே எல்லாம் குண்டாகிவிடும். பார்த்துக்கொண்டே இரு.

காலைப் பார்த்துக்கொள்.

சுகுமாரன்


லூமுட்
2 செப்டம்பர் 2024

சுகுமாரனுக்கு,

கோழிக்குக் கோழிக் குழம்பு போட்ட ஒரே மனிதன் இந்தப் பேராக் மாநிலத்திலேயே நீயாகத்தான் இருப்பாய். உன் கடிதத்தைச் சுரேன் சத்தமாகப் படித்தான். அந்த இடம் வந்ததும் அவனும் அவன் பெண்டாட்டியும் சோபாவில் விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்நேரம் எல்லாம் தண்ணீராகக் கழிந்துகொண்டிருக்கும். காரமும் எண்ணெயும் அந்தக் குடலுக்கு ஆகாது. இரண்டு நாளைக்கு நொய்யரிசி மட்டும் போடு. தண்ணீரில் மஞ்சள் கலந்து வை.

நீ பார்த்தது நோஞ்சான் கோழி இல்லை. அந்த வயசில் அப்படித்தான் இருக்கும். முதலில் காலும் கழுத்தும் வளரும். அப்புறம் இறகு மூடும். அது முடிந்த பிறகுதான் நெஞ்சில் கறி பிடிக்கும். சந்தையில் விற்கிற பண்ணைக் கோழி ஒரு மாசத்தில் உப்பிவிடும். அதைச் சமைத்துச் சமைத்து உன் கண் கெட்டுப்போயிருக்கிறது. கம்பத்துக் கோழிக்குச் சேவலென்றால் நாலு மாசமாவது வேண்டும், பொட்டைக்கு அதற்கு மேலும். அதை யாராலும் முடுக்க முடியாது. நானே கூட்டுக்குள் உட்கார்ந்து ஊட்டிவிட்டாலும் முடியாது.

நொய், தவிடு, தேங்காய்ப்பூ. சாயங்காலம் கூட்டைத் திறந்து விடு. செம்பனை மரத்தடியில் புழு பூச்சி கிளறித் தின்னட்டும். ஓடித் திரிந்த கோழிக்குத்தான் கறி இறுகும். நீ கூடவே நில். நிழலில் உட்கார்ந்து போன் பார்க்காதே.

தினேஸ்வரி சாப்பிடுகிறாளா? புனிதாவிடம் கேட்டால் "ம்ம், சாப்புடுறா" என்கிறாள். அந்த "ம்ம்" எனக்குப் பிடிக்கவில்லை. நீ பார்த்ததை எழுது.

வீரம்மா


தோட்டத்து வீடு
17 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

உன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோழிகள் வெளியில் மேய்கின்றன. போன் பார்க்கவில்லை.

முதலில் கெட்ட செய்தி. இரண்டு போய்விட்டன. உடும்பு. பின்பக்க வாய்க்காலிலிருந்து வந்து கண் முன்னாலேயே ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. துரத்திக்கொண்டு ஓடினேன், சிலிப்பர் சேற்றில் மாட்டிக்கொண்டது, உடும்பு போய்விட்டது. மறுநாள் இன்னொன்று. அன்றைக்கே கடைக்கு லீவு போட்டு, வாய்க்கால் பக்கம் முழுக்க வலை அடித்துவிட்டேன். கடைக்கு லீவு போட்டது புனிதாவுக்கே ஆச்சரியம். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீ திட்டுவாய், திட்டிக்கொள்.

மற்றவை நன்றாக இருக்கின்றன. இறகு மூடிவிட்டது. என் மோட்டார் சத்தம் கேட்டால் வேலியோரம் வந்து நிற்கின்றன. சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டை இருக்கிறதே, அதற்கு மேடம் என்று பேர் வைத்திருக்கிறேன். அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அம்மா மாதிரி, எதைப் போட்டாலும் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் தின்கிறது.

இன்று அதைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்செலும்பு இன்னும் கையில் கத்தி மாதிரி குத்துகிறது. இரண்டு பக்கமும் கறி இல்லை. இந்த நிலையில் சட்டியில் போட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் விடும், சுருங்கும், மசாலா ஒட்டாது. உன்னிடம் எதையும் ஒப்புக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. சமையல்காரன் தகவல் சொல்கிறான், அவ்வளவுதான்.

தினேஸ்வரியைக் கேட்டிருந்தாய். முகம் வெளுத்திருக்கிறது. கால் வீங்குகிறது. மருமகன் தீபன் மாசம் தவறாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார். ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "அத்தை கோழி எப்பப்பா வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். நானும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

சுகுமாரன்


லூமுட்
29 செப்டம்பர் 2024

சுகுமாரனுக்கு,

உன் கடையில் "தீபாவளி ஸ்பெஷல், கம்பத்துக் கோழி" என்று மறுபடியும் அட்டை தொங்குகிறதாம். மங்களம் பார்த்துவிட்டு வந்து போனில் சொன்னாள்.

இரண்டு பக்கம் எழுதித் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றுதான் கேட்கிறேன். அது உன் மகள் வாயில் போகிற கறி. அதையும் விற்பாயா?

வீரம்மா


புந்தோங், ஈப்போ
6 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

மங்களம் அட்டையைப் பார்த்தாள், கீழே எந்தப் பண்ணைக் கோழி என்று புனிதா எழுதியிருப்பதைப் பார்க்கவில்லை. தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு சீனர் கம்பத்துக் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கோழிதான் கடைக்கு. தீபாவளிக்கு ஆறு வாரத்துக்கு முன்பே போய்ப் பார்த்து, கையில் தூக்கிப் பார்த்து, இன்ன கூண்டு என்று காட்டிவிட்டு வந்தேன். அந்த ஆள் என்னைப் பார்த்து, "பாஸ், நீ கோழி வளக்கிறவன் மாதிரி பிடிக்கிற லா" என்றார்.

உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் எனக்கு வலித்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நம்பாவிட்டால் சுரேனை அனுப்பி எண்ணிப் பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம். சேவல்கள் கூவப் பழகுகின்றன. ஒவ்வொன்றும் தொண்டை கட்டின பாகவதர் மாதிரி பாதியில் நின்றுவிடுகிறது, நிறுத்திவிட்டு வெட்கப்பட்டுச் சுற்றிப் பார்க்கிறது. நேற்று நானும் மங்களத்தின் புருஷனும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "இதுங்க ரெடியாயிருச்சா மச்சான்?" என்று அவர் கேட்டார். "சேவல் இன்னும் கொஞ்ச நாள், பொட்டை நவம்பர்" என்றேன். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்கிற காலம் வந்துவிட்டது, பார்.

அவர் இன்னொன்றும் கேட்டார். "இதை யாரு அறுப்பா, நீங்களா?" என்று. ஆமாம் என்றேன். நீ வளர்ப்பாய், நான் வந்து அறுத்துக் கொடுப்பேன், இத்தனை வருஷமும் அதுதானே நடந்தது. வளர்த்த கையால் அறுக்கக் கூடாது என்பது நம் அம்மா வீட்டுப் பழக்கம். அதில் மட்டும் நாம் இரண்டு பேரும் சண்டை போட்டதே இல்லை.

சுகுமாரன்


லூமுட்
21 அக்டோபர் 2024

சுகு,

புனிதா காலையில் கூப்பிட்டுச் சொன்னாள். பிள்ளைக்கு நாலு வாரம் இருக்கும்போதே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்களாம். பெண் குழந்தை. ஆள் சின்னதாக இருக்கிறாள், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றாள். தினேஸ்வரிக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அவள் நினைவோடு இருக்கிறாள், பேசுகிறாள் என்றும் சொன்னாள். எனக்கு இதெல்லாம் காதில் விழுந்து மனசில் ஏறவில்லை.

கோழியை அறு. இருக்கிறதில் பெரிசாகப் பார்த்து அறு. பருவமாவது ஒன்றாவது. சூப் வைத்துக் கொண்டுபோ. அவள் வெறும் உடம்பாகக் கிடக்கிறாள், ஏதாவது உள்ளே போகட்டும். எல்லாவற்றையும் அறுத்தாலும் சரி. நான் இங்கே மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு என்ன பண்ணுவேன்.

சுரேன் ஆஸ்பத்திரிக்கு வருகிறான், அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உடனே அறு.

அக்கா


புந்தோங், ஈப்போ
22 அக்டோபர் 2024

அக்கா,

அறுக்க மாட்டேன்.

நீ பயத்தில் எழுதியிருக்கிறாய். கடிதம் முழுக்க ஒரு திட்டு இல்லை, அதிலேயே தெரிந்துவிட்டது. பயப்படாதே. நான் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். தினேஸ்வரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தை சின்னதுதான், ஆனால் தானாக மூச்சு விடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையை முஷ்டி பிடித்து ஆட்டிக்கொண்டு கிடக்கிறது. உன் குணம்தான் வரும் போலிருக்கிறது.

இப்போது கோழி விஷயம். பொட்டைகளுக்கு இன்றைக்கு நாலு மாசம். கொண்டை இன்னும் வெளுப்பு. இறகுக்கு அடியில் முளைமயிர் குத்திக்கொண்டு நிற்கிறது. அறுத்தால் பாதி நேரம் அதைப் பிடுங்கவே போய்விடும். சூப்பில் என்ன இறங்கும்? தண்ணீரும் எலும்பும். ரத்தம் போன உடம்புக்கு அதைக் கொடுத்து ஏமாற்றவா? சேவலை அறுக்கலாம் என்று பார்த்தால், சேவல் சூடு, பச்சை உடம்புக்காரிக்கு ஆகாது என்று என் கல்யாணம் ஆன நாள் முதல் சொல்லி வருகிறவள் நீதான்.

அவசரத்துக்குப் பிடிக்கத்தான் கை துடிக்கும். அது எனக்கும் தெரியும். இந்தத் தடவை துடிப்பது உன் கை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரத்துக்கு அவளுக்குக் கோழியே வேண்டாம். நான் சமைக்கிறேன். நேற்று ஆட்டுச் சுவரொட்டி வாங்கி, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வதக்கிக் கொண்டுபோனேன். ரத்தம் ஊற அதற்கு மேல் மருந்து இல்லை. டாக்டரும் தடுக்கவில்லை, வாசனையைப் பார்த்து என்னவென்று கேட்டார். இன்றைக்குப் பூண்டு ரசம். பால் ஊற சுறாப் புட்டு வேண்டும். ஈப்போ மார்க்கெட்டில் கிடைக்கிற சுறாவில் ஐஸ்தான் மிச்சம். நீ கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறாய். படகு வந்து இறங்கும்போதே வாங்கி, சுரேனிடம் கொடுத்து அனுப்பு. உனக்கும் ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாடியில் நடந்து நடந்து இன்னொரு காலையும் முறித்துக்கொள்வாய்.

கோழி நேரத்துக்கு வரும். நான் பொறுப்பு.

சுகுமாரன்


லூமுட்
26 அக்டோபர் 2024

சுகு,

சுறா ஒரு கூடை, நெத்திலிக் கருவாடு ஒரு பை. படகுத்துறை ஜெட்டிக்கு நானே போனேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று பேரம் பேசினேன். மலாய்க்கார மீன்காரன் அத்தை முறை வைத்து, "மக்சிக், உட்காருங்க, நானே பொறுக்கித் தாரேன்" என்றான். உன் பொறுக்கல் எனக்கு வேண்டாம் என்று நானே செவுளைத் தூக்கிப் பார்த்து எடுத்தேன்.

சுறாவை வேகவைத்ததும் தோலை உரித்துவிட்டு உதிர். மஞ்சளைக் குறைக்காதே. உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

குழந்தை பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது என்று புனிதா படம் அனுப்பினாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். நீ அறுக்க மாட்டேன் என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். உன்னைத் திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா


தோட்டத்து வீடு
20 நவம்பர் 2024

அக்கா,

தீபாவளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தினேஸ்வரி புந்தோங்கில் என் வீட்டில்தான் இருக்கிறாள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. குழந்தை பால் குடித்துக் குடித்துக் கன்னம் வைத்துவிட்டாள். பேர் இன்னும் வைக்கவில்லை. அத்தை வரட்டும் என்கிறாள் தினேஸ்வரி.

கோழி ஆகிவிட்டது. சந்தேகமே இல்லை. கொண்டை சிவந்துவிட்டது, இறகில் எண்ணெய் தடவினது மாதிரி மினுமினுப்பு. நெஞ்சில் கை வைத்தால் எலும்பு தெரியவில்லை, இரண்டு பக்கமும் நிறைந்து நிற்கிறது. முதுகைத் தொட்டால் ஓடாமல் அப்படியே பதுங்கி உட்காருகிறது. மேடம் இரண்டு நாளாக மூலை மூலையாகப் போய் இடம் தேடுகிறது. இந்த வாரம் விட்டால் முட்டையிட ஆரம்பித்துவிடும். நீ சொன்ன பருவம் இதுதான்.

நேற்று இரை போடாமல் தண்ணீர் மட்டும் வைத்தேன். இன்று காலையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுக் கூட்டுக்குப் போனேன். பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை அக்கா. நான் உட்கார்ந்தேன், அவையாகவே வந்து என் முட்டிமேல் ஏறின. ஒன்றைக் கையில் எடுத்தேன். என் கைக்குள் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

நான் எத்தனை கோழி அறுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். கை நடுங்கியதே கிடையாது. இன்றைக்கு முடியவில்லை. கொதித்த தண்ணீரைச் செடிக்கடியில் ஊற்றிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வளர்த்த கை அறுக்கக் கூடாது என்று நீ ஒதுங்கி நிற்கும்போதெல்லாம் நான் உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போது என் கையும் வளர்த்த கையாகிவிட்டது. மங்களத்தின் புருஷனைக் கூப்பிடலாம். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனாலும் அறுத்துக் கொடுப்பார்கள். அறியாத ஆள் கையில் தூக்கிக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

ஆனால் தினேஸ்வரிக்கு இது வேண்டும். அதற்காகத்தான் வளர்த்தோம். என்ன செய்யட்டும், சொல்.

சுகுமாரன்


முனியாண்டி கோயில், தோட்டம்
23 நவம்பர் 2024

சுகு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இன்று விடிந்ததும் சுரேனைக் காரை எடுக்கச் சொல்லிவிட்டேன். நேராக வீட்டுக்குத்தான் வந்தேன். கோழிகளைப் பார்த்தேன்.

ஒன்றுகூட என் கிட்ட வரவில்லை. அடை வைத்து, பொரித்த அன்றே கையில் ஏந்தினவள் நான். என்னை யாரோ என்று நினைத்து மூலைக்கு ஓடுகின்றன. மங்களம் சொன்னாள், "அதுங்க தம்பி மோட்டாருக்குத்தான் வருங்க அக்கா" என்று. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஒன்றை மடக்கிப் பிடிக்க நானும் சுரேனும் அரை மணி நேரம் பட்டபாடு இருக்கிறதே. பிடித்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். நல்ல கோழி. நானே வளர்த்திருந்தாலும் இதற்கு மேல் வந்திருக்காது. எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அதனால் யார் அறுப்பது என்று முடிவு பண்ணிவிட்டேன். உன் கோழி, நீ அறுக்கக் கூடாது. என்னை அதற்கு அடையாளமே தெரியவில்லை, நான் அறுக்கலாம். நான் அறுக்கிறேன். இன்றைக்கே. ஆனால் என் கையில் பிடிபடாது, நீ பிடித்துக் கொடுக்க வேண்டும். பிடித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள். எனக்கு இந்த வயசு வரைக்கும் கத்தி வைத்துப் பழக்கமில்லை. எங்கே பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று நீ சொல்ல வேண்டும். கோழி ஒரு கையில், கத்தி ஒரு கையில் இருக்கும்போது நான் எப்படிக் கடிதம் படிப்பேன்?

அதைத்தான் இப்போது முனியாண்டியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை பெற்றவள் காத்திருக்கிறாள், என் சத்தியத்தை நீரே வைத்துக்கொள்ளும், வேண்டுமென்றால் தை மாசம் ஒரு சேவல் தாரேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் இந்நேரம் காட்டியிருப்பார்.

இந்தக் கடிதத்தைச் சுரேன் உன் கடைக்குள் வந்து கொடுப்பான். நான் வெளியில் காரில் இருப்பேன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. கடையைப் புனிதாவிடம் விட்டுவிட்டு வா. அவசரப்பட்டு நீ வாயைத் திறக்காதே. சத்தியம் பண்ணினவள் நான். முதல் வார்த்தையை நான்தான் பேசுவேன்.

அக்கா